பெயரை மறந்த ஈ: மலைப்பள்ளி வகுப்பறைக்கு ஒரு கைவினை வழிகாட்டி

நீலகிரியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் புதிதாகப் பணியேற்று வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்தில் இரண்டு தேவைகள் ஒன்றாக வந்து நிற்கும். பிள்ளைகளின் பெயர்களை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். புது முகத்தைக் கண்டு கூசி நிற்கும் பிள்ளைகள் வாய் திறந்து பேச வேண்டும். இவ்விரண்டுக்கும் ஈ தன் பெயரை மறந்த கதையைப் போல் கைகொடுக்கும் கதை வேறில்லை என்பது என் எண்ணம். இங்குள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பலவற்றில் 1 முதல் 5 வரையிலான வகுப்புகள் ஒன்றிரண்டு அறைகளில் சேர்ந்தே அமர்ந்திருக்கும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பக்கத்தில் படுகு மொழி பேசும் பிள்ளையும், கூடலூர்ப் பக்கமானால் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளையும் மலையாளம் பேசும் பிள்ளையும் இருப்பார்கள். இத்தனை பேரையும் ஒரே பாட்டில் சேர்த்துக்கொள்ளும் கதை இது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வகுப்பறைக் கைவினை சுவரில் ஒட்டி அழகு பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. செய்து முடித்த பொருளைக் குழந்தை கையில் பிடித்தபடி கதையில் தன் வரியைச் சொன்னால்தான் அந்த வேலை நிறைவு பெறுகிறது. எனவே கதை முதலில் வாயில் ஏற வேண்டும், பிறகு கைக்கு வர வேண்டும், இறுதியில் இரண்டும் சேர வேண்டும். இந்த வரிசை மாறினால் அழகான பொம்மைகள் கிடைக்கும், கதை கிடைக்காது.

கதையும் அதன் கண்ணிகளும்

வீட்டை மெழுகிக்கொண்டிருந்த ஈ ஒன்று தன் பெயரை மறந்துவிடுகிறது. கன்றிடம் போய், "கொழு கொழு கன்றே, என் பெயர் என்ன?" என்று கேட்கிறது. "எனக்கு எப்படித் தெரியும்? என் தாயைக் கேள்" என்கிறது கன்று. தாயிடம் போனதும், "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, என் பெயர் என்ன?" என்று வரி ஒன்று கூடிவிடுகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டக் கைகாட்டப் பாட்டு நீண்டுகொண்டே போய், குதிரையிடம் வந்து நிற்கும்போது ஈ மூச்சுவிடாமல் இவ்வளவையும் சொல்ல வேண்டியிருக்கிறது:

கொழு கொழு கன்றே,
கன்றின் தாயே,
தாயை மேய்க்கும் ஆயா,
ஆயன் கைக் கோலே,
கோலிருக்கும் மரமே,
மரத்திலிருக்கும் கொக்கே,
கொக்கு வாழும் குளமே,
குளத்திலிருக்கும் மீனே,
மீன் பிடிக்கும் வலையா,
வலையன் கைச் சட்டியே,
சட்டி செய்யும் குயவா,
குயவன் கை மண்ணே,
மண்ணில் விளையும் புல்லே,
புல்லைத் தின்னும் குதிரையே,
என் பெயர் என்ன?

குதிரை "ஈஈஈ..." என்று கனைக்கிறது. ஈக்குத் தன் பெயர் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இந்தச் சங்கிலியில் மொத்தம் 14 கண்ணிகள். பாட்டு ஊருக்கு ஊர், பாட்டிக்குப் பாட்டி சற்று மாறும். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பாட்டிமார், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் வீடுகளில் வேறு வகையாகச் சொல்லக்கூடும். பிள்ளை வீட்டிலிருந்து வேறொரு வரியைக் கொண்டுவந்தால் அதைத் திருத்தாமல், "உங்கள் பாட்டி இப்படிச் சொல்வார்களா? நாமும் அப்படிச் சொல்லிப் பார்ப்போம்" என்று வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயா என்றதும் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி ஆயாதான் நினைவுக்கு வருவார் என்றால் "ஆயனே" என்று மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

முதல் நாள்: வாயும் கையும் போதும்

முதல் நாள் எந்தப் பொருளையும் எடுக்க வேண்டாம். பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கைத்தட்டு, ஒரு சைகை என்று சொல்லிக்கொடுங்கள். கன்றுக்குக் கன்னத்தை உப்பவைப்பது, கோலுக்குக் கையை நீட்டுவது, கொக்குக்கு ஒற்றைக் காலில் நிற்பது, சட்டிக்கு இரு கைகளையும் குவிப்பது என்று சைகைகளைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அவர்கள் கண்டுபிடித்த சைகையை அவர்கள் மறப்பதில்லை. தமிழ் இன்னும் சரளமாக வராத குழந்தை முதலில் சைகையை மட்டும் செய்யும், பிறகு தாளத்தைப் பிடிக்கும், சொல் அதன் பின்னால் வரும். அதுவரை அந்தக் குழந்தையைத் தனியாக எழுப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள்.

14 வரிகளையும் ஒரே மூச்சில் ஊட்ட முயல வேண்டாம். கன்றிலிருந்து கோல் வரை ஒரு துண்டு, மரத்திலிருந்து மீன் வரை ஒரு துண்டு, வலையனிலிருந்து குதிரை வரை ஒரு துண்டு என்று பிரித்துக்கொண்டு, முதல் நாள் மீனோடு நிறுத்திவிடலாம். "மீனுக்கும் தெரியவில்லை. அது யாரைக் கேட்கச் சொல்லியிருக்கும்?" என்ற கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் காலையில் பாதி வகுப்பு விடையோடு வரும்.

பெயர்களைத் தெரிந்துகொள்ளும் விளையாட்டு இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு குழந்தை வட்டத்தின் நடுவே வந்து ஈயைப் போல் கைகளை அடித்துக்கொண்டு, தெரிந்த வரை பாட்டைச் சொல்லி "என் பெயர் என்ன?" என்று கேட்க, மற்றவர்கள் குதிரையாகக் கனைத்துவிட்டு அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும். வட்டம் ஒருமுறை சுற்றி முடிவதற்குள் எல்லாப் பெயர்களும் உங்கள் காதில் பலமுறை விழுந்திருக்கும்.

பொருள் சேர்ப்பது

பொருள்களைக் கடையில் தேடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள், நாட்காட்டியின் பின்னட்டை, டீத்தூள் வரும் அட்டைப்பெட்டி, மிஞ்சிய கம்பளி நூல், துடைப்ப ஈர்க்கு, பூண்டுத் தோல், கற்பூரமரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் மரத்தின் காய்ந்த இலையும் காயும், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலை ஆகியவையே இந்தக் கதைக்குப் போதும். தெர்மாக்கோல், ஜிகினாத் தூள், பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை ஆகியவற்றை வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகம் முழுவதும் 2019 சனவரி 1 முதல் தடை உண்டு; நீலகிரி மாவட்டம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்டிக்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்த மாவட்டம். பிள்ளைகள் இதை அறிந்தே வளர்கிறார்கள். ஆசிரியரின் மேசையிலிருந்து வேறு பாடம் போகக் கூடாது.

இலையும் காயும் பொறுக்கப் பிள்ளைகளைத் தேயிலைக் காட்டுக்குள்ளோ சோலையின் ஓரத்துக்கோ அனுப்பவே கூடாது. காட்டெருமையும் கரடியும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பகலிலும் நிற்கும் ஊர்கள் இவை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானையும் உண்டு. பள்ளி வளாகத்திற்குள் கிடைப்பதைப் பிள்ளைகள் எடுக்கட்டும். மற்றவற்றை நீங்கள் வரும் வழியில் சாலையோரத்திலிருந்து சேகரித்து வாருங்கள். வேலியோரத்தில் மணிமணியாகத் தொங்கும் பெரிய ஊமத்தை வகைப் பூக்கள் பார்க்க அழகாக இருந்தாலும் செடி முழுவதும் நச்சுடையது. உண்ணிச்செடியின் பச்சைக் காயும் ஆகாது. இவ்விரண்டையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டி, தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

ஈயைச் செய்யும் முறை

எல்லாக் குழந்தைகளும் செய்ய வேண்டிய ஒரே பொருள் ஈ. மற்ற 14 பொருள்களையும் வகுப்பு பங்கிட்டுக்கொள்ளலாம். ஈ மட்டும் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். ஏனென்றால் கதை சொல்பவர் யாரோ அவர்தான் ஈ.

கற்பூரமரத்தின் காய்ந்த காய் ஒன்றை உடலாக எடுத்துக்கொள்ளுங்கள். பம்பரம் போலிருக்கும் அந்தக் காயின் தட்டையான முகம் ஈயின் முகமாகட்டும். துடைப்ப ஈர்க்கிலிருந்து விரல் நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டிக் காயின் அடியில் குறுக்காக வைத்து, கறுப்புக் கம்பளி நூலால் காயோடு சேர்த்து இறுகச் சுற்றினால், ஒவ்வோர் ஈர்க்கும் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு ஆறு கால்களாகிவிடும். பிடித்துக்கொள்வதற்கான நீண்ட ஈர்க்கு ஒன்றையும் அதே சுற்றில் செருகிவிடலாம். பூண்டின் வெளித்தோலில் பெரிதாக, கிழியாமல் இருக்கும் இரண்டு துண்டுகளை இலை வடிவில் கத்தரித்து, குறுகலான நுனியை முதுகுப் பக்கத்தில் நூலுக்கு அடியில் நுழைத்து, மேலும் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நரம்போடிய அந்தத் தோல் உண்மையான ஈச் சிறகைப் போலவே ஒளி ஊடுருவத் தெரியும். பசையே தேவைப்படாத வேலை இது. மலைப்பூண்டு விளையும் ஊர்களில் தோலுக்கும் பஞ்சமில்லை.

செய்யும்போதே கேளுங்கள்: ஈக்கு எத்தனை சிறகு, எத்தனை கால்? ஈக்குப் பறக்கும் சிறகு ஓர் இணைதான். தேனீக்கு இரண்டு இணை. கால்கள் இரண்டுக்கும் ஆறு. ஈ தன் கால்களால் சுவை அறியும் என்று சொன்னால், அது ஏன் எப்போதும் எதன் மீதாவது உட்கார்ந்துகொண்டே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தாமாகவே புரிந்துவிடும்.

தேயிலைச் சாயம்

கன்று, பசு, குதிரை, மரம், மண் எல்லாமே பழுப்பு நிறம். இதற்கு வண்ணப்புட்டி வாங்க வேண்டாம். டீ வடிகட்டிய சக்கையை இரண்டு கைப்பிடி சேர்த்து, நான்கு டம்ளர் தண்ணீரில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டினால் நல்ல பழுப்புச் சாயம் கிடைக்கும். அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் துணிப்பந்தால் ஒருமுறை பூசினால் கன்றின் நிறம். காய்ந்த பிறகு மறுபடியும் பூசினால் குதிரையின் நிறம்.

கதையின் கன்றை எருமைக் கன்றாக்க விரும்பினால் கறுப்பு வேண்டுமல்லவா? அந்தச் சாயத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றை ஓரிரவு போட்டு வையுங்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து சாயம் கருஞ்சாம்பல் நிறமாகிவிடும். நெடுங்காலம் எழுதும் மையைச் செய்ததும் இந்த வேதிவினையால்தான். ஆணியைப் போடுவதும் எடுப்பதும் ஆசிரியர் வேலை. காலையில் நிறம் மாறியிருப்பதைப் பார்ப்பது பிள்ளைகள் வேலை. 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஆணி போட்ட சாயத்தையும் போடாத சாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பூசி, வேறுபாட்டை நோட்டில் எழுதட்டும். மலையில் பசுவைவிட எருமை நெருக்கமான ஊர்களில், குறிப்பாகத் தோடர் பழங்குடியினரின் ஊர்களான மந்துகளுக்கு அருகிலுள்ள பள்ளிகளில், கதையின் கன்று எருமைக் கன்றாகவே இருக்கட்டும். பாட்டில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

பட அட்டைகளும் தலைப்பட்டைகளும்

கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் 14 படங்களையும் பிள்ளைகளே வரைந்து, சாயம் பூசி, கீழே பெரிய எழுத்தில் பெயரை எழுத வேண்டும். படம் அழகாக இல்லை என்று ஆசிரியர் மேலே கோடு போட்டுத் திருத்துவதை நான் ஏற்பதில்லை. மாடு நாயைப் போல் இருந்தாலும் அதை வரைந்த குழந்தைக்கு அது மாடுதான். கீழே பெயர் இருக்கிறதே, அது போதும்.

நடிப்பதற்கு முகமூடியைவிடத் தலைப்பட்டையே மேல். முகமூடி வாயை மறைத்துச் சொல்லைக் கெடுக்கும். மேகம் இறங்கி அறை இருண்டிருக்கும் நாளில் கண்ணையும் மறைக்கும். நம் பிள்ளைகள் பாதி ஆண்டு கம்பளிக் குல்லாவுடன்தான் அமர்ந்திருப்பார்கள். அட்டைப்பட்டை அதன் மேல் நிற்காமல் வழுக்கும். பட்டை செய்யாமல் படத்தை மட்டும் வெட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் குல்லாவின் மடிப்பிலேயே மாட்டிவிட்டால் ஆடினாலும் ஓடினாலும் விழாது.

பசையைப் பற்றி ஒரு சொல். ஒரு பங்கு மைதாவை நான்கு பங்கு குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால் நல்ல பசை வரும். ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், தேவாலாப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் அது காய்வதற்குள் பூஞ்சை பூத்துவிடும். பூஞ்சையைத் தடுக்க மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் பிள்ளைகள் கைபடும் பசைக்கு ஆகவே ஆகாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். மழைக் காலமானால் பசையை விட்டுவிட்டு ஊசியும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் சட்டியும்

எல்லாக் கண்ணிகளிலும் வளமானது "சட்டி செய்யும் குயவா, குயவன் கை மண்ணே" என்ற இடம். அவசரமாகக் கடந்துவிடாமல் இதற்கென ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள்.

மண்ணைச் சாலைவெட்டுச் சரிவிலிருந்து தோண்டக் கூடாது. மழைக் காலத்தில் சரிவு எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஊரில் யாராவது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியிருந்தால் அடியிலிருந்து வந்த சிவந்த களிமண்ணைக் கேட்டு வாங்கலாம். நல்ல மண்ணா என்று பார்க்கக் கொஞ்சம் ஈரமாக்கி, பென்சில் தடிமனுக்குத் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரிசல் விழாமல் வளைந்தால் சட்டி நிற்கும். உடைந்தால் மணல் அதிகம். கல்லையும் வேரையும் பொறுக்கி, ஓரிரவு ஈரத்துணியில் மூடி வைத்துவிட்டு மறுநாள் பிசையுங்கள். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலைகளில் பிள்ளைகளின் விரல்கள் விறைத்திருக்கும். வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

எலுமிச்சை அளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, நடுவே கட்டைவிரலை அழுத்தி, உருண்டையைச் சுழற்றிக்கொண்டே சுவரைக் கிள்ளிக் கிள்ளி மெலிதாக்குவது குழந்தைக்கு ஏற்ற முறை. சுவர் விரல் தடிமனுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பள்ளி அறையில் நிழலில், செய்தித்தாளின் மேல் கவிழ்த்துவைத்துக் காயவிடுங்கள். காய்வதற்கு ஈரக் காலத்தில் ஒரு வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு அடுப்பருகில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடித்துவிடும். சுட வேண்டாம். இந்தச் சட்டி கதைக்கு உரியது, சமையலுக்கு அன்று.

நீலகிரியில் இருந்துகொண்டு இந்த இடத்தில் இம்மலையின் பழங்குடியினரான கோத்தர்களைப் பற்றிச் சொல்லாமல் போவது பெரிய இழப்பு. கோக்கால் எனப்படும் கோத்தர் ஊர்களில் மண்பாண்டம் வனைபவர்கள் பெண்கள். ஆண்கள் இரும்பு வேலையிலும் மர வேலையிலும் பெயர் பெற்றவர்கள். மலையின் மற்றச் சமூகங்கள் நெடுங்காலம் இவர்களிடமிருந்துதான் பானையும் கருவியும் பெற்றுவந்தன. உங்கள் பள்ளிக்கு அருகில் கோத்தர் ஊர் இருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் முறையாகக் கேட்டு, பானை வனையத் தெரிந்த ஒரு பாட்டியம்மாவைப் பள்ளிக்கு அழையுங்கள். அவரை வேடிக்கைப் பொருளாக்காமல், அன்றைக்கு அவரே ஆசிரியர் என்ற மரியாதையோடு நாற்காலி போட்டு அமரவைத்து, பிள்ளைகள் அவரிடம் கற்கட்டும். குயவன் பாத்திரம் பையனுக்குத்தான் என்ற எண்ணமும் அன்றோடு போய்விடும்.

மற்றக் கண்ணிகள் எளியவை. கற்பூரமர இலை அரிவாள் போல் வளைந்திருப்பதால் அதுவே மீன். கண் ஒன்று வரைந்தால் முடிந்தது. சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளி போல் மின்னுவதால் அதைத் திருப்பி ஒட்டினால் கொக்கின் சிறகு. வெங்காயம் வரும் வலைப்பையே வலையனின் வலை. குதிரைக்குச் செய்தித்தாளை இறுகச் சுருட்டித் தலை மடித்து, கம்பளி நூலில் பிடரி வைத்துவிடலாம்.

கயிற்றில் கதை

பொருள்கள் தயாரானதும் நீண்ட கயிறு ஒன்றில் 14 முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகத் தங்கள் பொருளோடு வரிசையாகப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். ஈ கயிற்றின் வழியாக ஒவ்வொருவராகக் கடந்து போகும்; ஈ எந்த முடிச்சில் நிற்கிறதோ அதுவரையுள்ள எல்லாரும் தங்கள் பொருளை உயர்த்தி வரியைச் சொல்ல வேண்டும். கன்றாக நிற்கும் குழந்தை 14 முறையும் குதிரை ஒருமுறையும் சொல்லும் என்பதால், கூச்சம் மிகுந்த பிள்ளையைக் குதிரையாக நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்குப் பலமுறை, பலரோடு சேர்ந்து சொல்லும் முன்வரிசைதான் நல்லது.

பள்ளியில் மொத்தமே பத்துப் பிள்ளைகள் என்றால் கண்ணியைக் குறைக்காதீர்கள். ஒன்றை எடுத்தால் அடுத்தது அறுந்துவிடும். பெரிய பிள்ளைகள் இரண்டு முடிச்சுகளைப் பிடிக்கலாம். சத்துணவு சமைக்கும் அக்காவை அழைத்துச் சட்டியாக நிற்கச் சொன்னால் வகுப்பே குதூகலித்துவிடும்.

எழுத்தும் இலக்கணமும்

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகியிருப்போம். அரும்பு நிலைப் பிள்ளை படங்களை வரிசையாக அடுக்கினால் போதும். மொட்டு நிலைப் பிள்ளை படத்தை மறைத்துவிட்டுப் பெயரைப் படிக்கட்டும். மலர் நிலைக்கு இந்தப் பாட்டு ஒரு சிறிய இலக்கணச் சுரங்கம். பாட்டு முழுவதும் விளித்தல்தான்: கன்று கன்றே ஆகிறது, மரம் மரமே ஆகிறது, குயவன் குயவா ஆகிறான். பெயர் அட்டையையும் விளி அட்டையையும் கலைத்துப் போட்டு இணை சேர்க்கச் சொல்லுங்கள்.

அதில் நான்கு அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள்: மண், புல், மீன், கோல். மண் மண்ணே ஆகும்போது ணகரம் இரட்டிக்கிறது. புல் புல்லே ஆகும்போது லகரம் இரட்டிக்கிறது. மீன் மீனே ஆகும்போதும் கோல் கோலே ஆகும்போதும் ஏன் இரட்டிக்கவில்லை? விதியைச் சொல்லாமல், நான்கையும் உரக்கச் சொல்லவைத்துக் காத்திருங்கள். முன்னால் நிற்பது குறிலா நெடிலா என்பதைப் பிள்ளைகளே காதால் பிடித்துவிடுவார்கள். பிறகு கல், தேன், பல், மான் என்று புதிய சொற்களைக் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

இன்னொரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். ஈ கொக்கின் பக்கத்தில் போய்ப் பெயர் கேட்டதே, கொக்கு அதைத் தின்றிருக்காதா? மேயும் மாட்டோடு கூடவே நடக்கும் உண்ணிக்கொக்கு ஈயையும் பூச்சியையும் தின்பதைப் பிள்ளைகள் புல்வெளியில் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து, 14 கண்ணிகளில் எவையெவை உணவால் இணைந்தவை, எவை உழைப்பால் இணைந்தவை, எவை வாழும் இடத்தால் இணைந்தவை என்று மூன்று நிற நூல்களால் அட்டைகளை இணைத்துப் பார்க்கலாம். சில கண்ணிகளை எதில் சேர்ப்பது என்று சச்சரவு வரும். அதை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் சொந்தச் சங்கிலி

இறுதிப் படி, மலைக்கென்று ஒரு புதிய சங்கிலி கட்டுவது. விதி ஒன்றுதான்: பெயரை மறந்தது எதுவோ அதன் பெயர், கடைசியில் வருபவரின் வாயிலிருந்து பேச்சாக அல்லாமல் ஓசையாக வர வேண்டும். மாடு கத்தினால் "மா" வரும் என்பதால் மாங்கன்று பெயரை மறக்கலாம். தேயிலைப் பூ தன் பெயரை மறந்தால் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி:

பச்சைப் பச்சைக் கொழுந்தே,
கொழுந்து பறிக்கும் அம்மா,
அம்மா நிறைத்த சாக்கே,
சாக்கை ஏற்றும் வண்டியே,
வண்டி சேரும் ஆலையே,
ஆலை அரைத்த தூளே,
தூளைப் போட்ட பாட்டி,
பாட்டி தந்த டீயே,
டீயைக் குடிக்கும் தம்பி,
என் பெயர் என்ன?

டீ கொதிக்கக் கொதிக்க இருப்பதால் தம்பி பதில் சொல்லாமல் "பூ... பூ..." என்று ஊதுகிறான்.

இதை மாதிரியாகச் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள். பிள்ளைகள் கேரட் தோட்டத்திலிருந்தோ மலை ரயிலிலிருந்தோ தங்கள் சங்கிலியைக் கட்டட்டும். கொழுந்துச் சங்கிலியைத் தேர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்கும் உண்டு: ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் 4 முதல் 5 கிலோ பச்சை இலை தேவைப்படுகிறது. அப்படியானால் வீட்டில் மாதம் வாங்கும் தூளுக்கு அம்மா எவ்வளவு இலை பறித்திருப்பார்? தாயின் வேலை எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பிள்ளை எண்ணாகப் பார்க்கும் இடம் இது, அவசரமில்லாமல் கணக்கிடவிடுங்கள்.

பொருள்களைப் பாதுகாப்பது

அட்டைகளைத் தகரப் பெட்டியில், கரித்துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து போட்டு மூடி வைத்தால் ஈரம் ஏறாமல் அடுத்த ஆண்டுவரை இருக்கும். இலைப் பொருள்களை வைத்துக்கொள்ள முயல வேண்டாம்; அவை மக்கி நாறும், பள்ளித் தோட்டக் குழியில் போட்டுவிடலாம். சட்டிகளில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பாதவற்றை நொறுக்கி நனைத்துப் பழைய மண்ணோடு சேர்த்துவிடலாம். ஈயை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். சூன் மாதம் புதிதாக 1ஆம் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு இந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டியவர்கள் 2ஆம் வகுப்புக்குப் போன பிள்ளைகள்தான்; பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டு, கயிற்றின் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.